மஞ்சக்கால் சேவல், நீலக்கால் பெட்டை: பச்சைக்கால் ஏன் பிறக்கவில்லை?

மஞ்சள் கால் சேவல் ஒன்று. நீலம் ஓடிய சிலேட்டு நிறக் கால் கொண்ட பெட்டைகள் ஐந்து. வேண்டியது பச்சைக்கால் வரிசை. மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தால் பச்சை வரும் என்பது வண்ணப்பெட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கணக்கில்தான் ஜோடி சேர்க்கப்பட்டது. குஞ்சுகள் பொரித்து, நான்கு மாதம் வளர்ந்து, கால் நிறம் முற்றிய பிறகு பார்த்தால் நான்கு பெட்டைகளின் குஞ்சுகள் எல்லாமே வெள்ளைக்கால். ஐந்தாவது பெட்டையின் குஞ்சுகளுக்குக் காலில் சாம்பல் கறை. பச்சை ஒன்றுகூட இல்லை. மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை.

புறக்கடையில் கால் நிறம் பார்த்து ஜோடி சேர்க்கும்போது திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே கூடாகத் தொகுத்து இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. இது மாதிரிக் கூடு. இங்கே வரும் குஞ்சு எண்ணிக்கைகள் மரபு விதி தரும் எதிர்பார்ப்புக் கணக்குகள். சேவலுக்குச் சிவப்பு உடல். பெட்டைகளில் நான்கு காட்டுக்கோழிச் சாயல் கொண்ட பழுப்பு, ஐந்தாவது முழுக் கறுப்பு. விடை தேட வேண்டிய கேள்விகள்: வெள்ளை எங்கிருந்து வந்தது, பச்சை எங்கே போனது, கறுப்புப் பெட்டையின் குஞ்சுகளுக்கு மட்டும் ஏன் கறை, இதே கோழிகளை வைத்துப் பச்சைக்கால் வரிசையை எப்படி எடுப்பது.

காலுக்கு நிறம் தருவது இரண்டு அடுக்கு

கோழிக் காலில் பச்சை என்று தனி நிறமி கிடையாது. நீலமும் கிடையாது. இருப்பவை மஞ்சள் நிறமியும் கருநிறமியும்தான். மஞ்சள், தீவனத்திலிருந்து வரும் கரோட்டினாய்டு; மேல்தோலில் படிவது. கருமை, உடலே உண்டாக்கும் மெலனின். அது அடித்தோலிலும் இருக்கலாம், மேல்தோல் செதிலிலும் இருக்கலாம். மேல்தோலைக் கண்ணாடியாகவும் அடித்தோலைச் சுவராகவும் வைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும். நிறமற்ற கண்ணாடி, வெள்ளைச் சுவர்: வெள்ளைக்கால். மஞ்சள் கண்ணாடி, வெள்ளைச் சுவர்: மஞ்சக்கால். நிறமற்ற கண்ணாடிக்குப் பின்னால் கருஞ்சுவர் இருந்தால் கண்ணுக்கு நீலமாக, சிலேட்டு நிறமாகத் தெரியும். மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் கருஞ்சுவர் இருந்தால் பச்சை.

ஆக, வண்ணப்பெட்டிக் கணக்கு கண்ணுக்குச் சரி, கருவுக்குத் தப்பு. கண்ணாடியும் சுவரும் வெவ்வேறு மரபணுக்களின் வேலை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தன் விதிப்படி இறங்குகிறது.

கண்ணாடியைத் தீர்மானிப்பது பிசிஓ2 என்ற மரபணு. தோலில் வந்து சேரும் கரோட்டினாய்டை அறுத்து நிறமிழக்கச் செய்யும் நொதியை இது உண்டாக்குகிறது. நொதி வேலை செய்தால் தோல் வெள்ளை. மஞ்சள்தோல் அல்லீலில் (ஒரு மரபணுவின் மாற்று வடிவமே அல்லீல்) இந்த மரபணு தோலில் மட்டும் அடங்கிக் கிடப்பதால் மஞ்சள் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரே ஒரு வெள்ளைத்தோல் அல்லீல் இருந்தாலும் நொதி கிடைத்துவிடும்; ஆகவே வெள்ளை ஓங்கு, மஞ்சள் ஒடுங்கு. மஞ்சக்கால் கோழி என்றால் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் ஆக இரண்டும் மஞ்சள்தோல் அல்லீல்தான், சந்தேகமே வேண்டாம். நாட்டுக்கோழியின் முதன்மை மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிக்கு இந்த அல்லீல் கிடையாது. அது சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலப்பில் வந்தது என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

சுவரைத் தீர்மானிப்பது வேறொரு மரபணு. அதன் ஓங்கு வடிவம் அடித்தோலில் மெலனின் படிவதைத் தடுக்கும். இதைத் 'தடுப்பான்' என்றும், தடுக்காத ஒடுங்கு வடிவத்தைத் 'தடையிலி' என்றும் இங்கே அழைப்போம். சிவப்புக் காட்டுக்கோழியின் இயல்பு தடையிலி. அதனால்தான் அதன் கால் சிலேட்டு நிறம். தடுப்பான் இருக்கும் இடம் இசட் என்ற பால் குரோமோசோம். கோழியில் சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். பெட்டை தன் ஒரே இசட்டை மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. மகள்களுக்கு இசட் தந்தையிடமிருந்து மட்டுமே வருகிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் கால் நிறத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

குறியீடு எழுதிப் பழகியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. வெள்ளைத்தோல் அல்லீலுக்குப் புத்தகங்களில் டபிள்யூ என்று பெயர். பெட்டையின் பால் குரோமோசோமுக்கும் அதே எழுத்து. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குறிப்பேட்டில் 'வெ.தோல்', 'ம.தோல்', 'தடு', 'தடையிலி' என்று எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

முதல் தலைமுறை வெள்ளையானது எப்படி

மஞ்சக்கால் சேவல்: மஞ்சள்தோல் இரண்டு, தடுப்பான் இரண்டு. நீலக்கால் பெட்டை: வெள்ளைத்தோல் இரண்டு, தடையிலி ஒன்று. எல்லாக் குஞ்சுகளுக்கும் தாயிடமிருந்து ஒரு வெள்ளைத்தோல் அல்லீல் வந்துவிட்டது, மஞ்சள் மறைந்தது. எல்லாக் குஞ்சுகளுக்கும் தந்தையிடமிருந்து ஒரு தடுப்பான் வந்துவிட்டது, கருமை மறைந்தது. மிஞ்சியது நிறமற்ற கண்ணாடியும் வெள்ளைச் சுவரும். இரண்டு நிறங்களும் அழியவில்லை, ஒளிந்திருக்கின்றன.

இந்த விளைவே சேவலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. மஞ்சக்கால் பெட்டையைப் பார்த்தால் அவளிடம் தடுப்பான் இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். அவளுக்கு இருப்பது ஒரே இசட், மறைக்க இடமில்லை. சேவல் அப்படியல்ல. ஒரு தடுப்பானை வெளியே காட்டிக்கொண்டு இன்னொரு இசட்டில் தடையிலியை மறைத்து வைத்திருக்கலாம். நம் சேவல் அப்படி மறைத்திருந்தால், தடையிலிப் பெட்டைகளோடு சேர்த்த இந்தக் கூட்டில் மகன்களிலும் மகள்களிலும் பாதிப் பேருக்கு நீலக்கால் வந்திருக்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் சேவலிடம் தடுப்பான் இரட்டையாக இருக்கிறது. அதேபோல் பழுப்புப் பெட்டைகளில் ஏதாவது ஒன்று மஞ்சள்தோலை ஒளித்து வைத்திருந்தால் அவளுடைய குஞ்சுகளில் பாதி மஞ்சக்காலாகியிருக்கும். அதுவும் வரவில்லை.

குஞ்சுகளின் காலைக் கூர்ந்து பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு வேறுபாடு தெரியலாம். மகள்களின் வெள்ளை சுத்தமான வெள்ளை. மகன்களில் சிலருக்கு முழங்கால் மூட்டுக்குக் கீழே, காலின் பின்பக்கத் தோலில், லேசான நீலப் புகை. தடுப்பான் முழு ஓங்கு அல்ல. ஒன்று மட்டும் இருந்தால் சில சமயம் கொஞ்சம் மெலனின் கசியும். இதை நோய் என்றோ அழுக்கு என்றோ நினைத்துக் கழித்துவிடக் கூடாது. தடையிலியைச் சுமப்பது மகன்கள்தான், புகை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

அடுத்த தலைமுறையில் பச்சை வரும், ஆனால் பாதிதான்

முதல் தலைமுறைச் சேவலையும் பெட்டைகளையும் தங்களுக்குள் சேர்த்தால் என்ன ஆகும்? 32 குஞ்சுகள் என்று வைத்துக்கொள்வோம். 16 சேவல், 16 பெட்டை. சேவல் குஞ்சுகளுக்குத் தாயிடமிருந்து தடுப்பான் கட்டாயம் வருகிறது. ஆகவே அவற்றில் கருஞ்சுவர் வர வழியே இல்லை: 12 வெள்ளை, 4 மஞ்சள். பெட்டைகளில் பாதிக்குத் தந்தையிடமிருந்து தடுப்பான், பாதிக்குத் தடையிலி: 6 வெள்ளை, 2 மஞ்சள், 6 நீலம், 2 பச்சை.

அதாவது 16-க்கு ஒரு பச்சைக்கால், அதுவும் பெட்டை மட்டும். "பச்சைக்கால் சேவல் ஏன் வரவே மாட்டேன் என்கிறது" என்று நூறு முட்டை வைத்தும் புலம்புவது இங்கேதான். ஆயிரம் வைத்தாலும் வராது. 16-க்கு ஒன்று என்றால் 16 பொரித்தால் ஒன்று நிச்சயம் என்று பொருள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறைந்தது ஒரு பச்சைப் பெட்டையாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 47 குஞ்சுகள் பெரிதாகிக் கால் நிறம் காட்ட வேண்டும். முட்டை எண்ணிக்கையல்ல, நான்கு மாதம் பிழைத்த குஞ்சுகளின் எண்ணிக்கை.

கையில் பச்சைப் பெட்டை வந்த பிறகு வழி நேராகிறது. முதல் தலைமுறை வெள்ளைக்கால் சேவலோடு அவளைச் சேர்க்க வேண்டும். அவள் கொடுப்பது மஞ்சள்தோலும், மகன்களுக்குத் தடையிலியும். சேவல் இரண்டிலும் பாதிப் பாதி. 32 குஞ்சுகளில் வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை நான்கும் எட்டெட்டு. ஒவ்வொரு எட்டிலும் பாதி சேவல். பச்சைச் சேவல் எட்டுக்கு ஒன்று. 23 குஞ்சு வளர்த்தால் 95 சதவீதம் நம்பலாம். தந்தையையே மகளோடு சேர்க்காமல், முதல் தலைமுறையில் வேறு பெட்டைக்குப் பிறந்த இன்னொரு சேவலைப் பயன்படுத்துவது நல்லது. இதற்காகவே முதல் தலைமுறையில் இரண்டு சேவலாவது வைத்திருக்க வேண்டும். 'வெள்ளைக்கால், வேண்டாம்' என்று எல்லாவற்றையும் கறிக்கு அனுப்பிவிடுவதுதான் இந்தத் திட்டங்கள் நின்றுபோக முதல் காரணம்.

அதே நிறங்கள், ஜோடியை மாற்றிப் போட்டால்

மேலே சொன்ன அலைச்சலில் ஒரு தலைமுறை வீண். சேவலையும் பெட்டையையும் மாற்றிப் போட்டிருந்தால் போதும்: நீலக்கால் சேவல், மஞ்சக்கால் பெட்டைகள். இப்போது முதல் தலைமுறையில் மகள்கள் எல்லாம் தந்தையின் தடையிலியைப் பெற்று நீலக்கால். மகன்கள் தாயின் தடுப்பானைப் பெற்று வெள்ளைக்கால். கால் நிறமே சேவல் பெட்டையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் குஞ்சில் இதை வைத்துப் பால் பிரிக்கலாம் என்று நம்பிவிடக் கூடாது. அடித்தோல் மெலனின் மெதுவாகச் சேர்வது, பொரித்த அன்று பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது.

அந்த மகன்களையும் மகள்களையும் சேர்த்தால் 32-இல் 12 வெள்ளை, 4 மஞ்சள், 12 நீலம், 4 பச்சை. பச்சை நான்கில் இரண்டு சேவல், இரண்டு பெட்டை. முதல் வழியில் 16-க்கு ஒன்று, இதில் எட்டுக்கு ஒன்று; முதல் வழியில் பெட்டை மட்டும், இதில் இரண்டும். 21 நாள் அடை, முட்டையிடும் பருவம் வர ஐந்தாறு மாதம், ஜோடி சேர்த்து முட்டை சேர்க்கும் வாரங்கள் என்று கூட்டினால் ஒரு தலைமுறைக்கு ஏழெட்டு மாதம் ஓடிவிடும். அத்தனையும் மிச்சம்.

இன்னொரு ஆதாயம், இந்த ஜோடியில் ஊகத்துக்கு இடம் குறைவு. நீலக்கால் சேவல் என்றால் தடையிலி இரண்டு, தெளிவு. மஞ்சக்கால் பெட்டை என்றால் மஞ்சள்தோல் இரண்டு, தடுப்பான் ஒன்று, தெளிவு. தெரியாமல் இருப்பது சேவல் மஞ்சள்தோலை ஒளித்திருக்கிறதா என்பது மட்டும். ஒளித்திருந்தால் நமக்கு லாபம், முதல் தலைமுறை மகள்களில் பாதியே பச்சைக்காலாக வந்துவிடும்.

ஜோடியின் திசை மாறினால் விளைவு மாறும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சில்கிக் கோழியின் கருந்தோலை பிரவுன் லெக்ஹார்னோடு இரண்டு திசையிலும் கலந்து பார்த்த பேட்சனும் புன்னெட்டும் 1911-இலேயே இதை எழுதினார்கள்: சில்கிச் சேவலை லெக்ஹார்ன் பெட்டைக்குச் சேர்த்தபோது மகள்கள் கருந்தோல், மகன்கள் வெளிர்தோல், மறுதிசையில் அந்தப் பிளவு இல்லை. சில்கியின் கருமைக்கு வேறொரு ஓங்கு மரபணு காரணம் என்றாலும் அதையும் அடக்குவது இதே தடுப்பான்தான்.

கறுப்புப் பெட்டையின் குஞ்சுகள்

ஐந்தாவது பெட்டையின் குஞ்சுகளுக்கும் தடுப்பான் வந்திருக்கிறது. அடித்தோலில் கருமை இல்லை. பிறகு சாம்பல் கறை எங்கே? மேல்தோலில், செதிலுக்குள்ளேயே. முழுக் கறுப்பு இறகைத் தரும் எம்சி1ஆர் மரபணுவின் அல்லீல் இறகோடு நிற்பதில்லை, கால் செதிலிலும் மெலனினைப் படியவைக்கும். தடுப்பான் அடித்தோலுக்குத்தான் காவல். மேல்தோலில் அதன் செல்வாக்கு குறைவு. கண்ணாடியின் மேலேயே கரி பூசியதுபோல் இது.

நீலக்காலையும் இந்தக் கறையையும் பிரித்துப் பார்க்க நம்பகமான வழி காலம். அடித்தோல் கருமை பொரிக்கும்போது மங்கலாக இருந்து வாரம் ஏற ஏற அழுத்தமாகும். தடுப்பான் உள்ள கறுப்புக் கோழியின் செதில் கருமை குஞ்சில் அழுத்தமாக இருந்து வளர வளர வெளுக்கும். ஆக, ஒரே ஒரு நாள் பார்த்து எழுதிய குறிப்பு எதற்கும் உதவாது. 4, 8, 12, 16 வாரங்களில் அதே குஞ்சின் அதே காலைப் பார்த்து எழுத வேண்டும்; நிறம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் பதில் இருக்கிறது. கறை எங்கே இருக்கிறது என்பதும் துப்பு. செதில் கருமை முன்பக்கச் செதில்களிலும் விரல் மேற்புறத்திலும் திட்டுத் திட்டாக நிற்கும். அடித்தோல் கருமை செதில் இடுக்குகளிலும் காலின் பின்புறத் தோலிலும் ஒரே சீராகப் பரவியிருக்கும்.

பச்சைக்கால் வரிசைக்குக் கறுப்புப் பெட்டையின் குஞ்சுகள் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. கறுப்பு இறகோடு பச்சைக்காலைத் தேடினால் கால் கறுப்பாகவேதான் தெரியும்; உள்ளே பச்சைக்குரிய எல்லாம் இருந்தும் மேலே கரி மூடியிருக்கும். கறுப்பு இறகோடு சுத்தமான மஞ்சக்காலும் அதே காரணத்தால் அரிது. வெள்ளை லெக்ஹார்னை மஞ்சள் பக்கத்துக்கு எடுக்கும்போதும் இதே ஆபத்து: அதன் வெள்ளை இறகுக்குக் கீழே கறுப்பு அல்லீலும் பட்டை இறகு அல்லீலும் மறைந்திருப்பது வழக்கம். இறகை வெள்ளையாக்கும் 'ஓங்கு வெள்ளை' மரபணு கழன்ற பேரக்குஞ்சுகளில் அவை வெளியே வந்து கால் கணக்கைக் குலைக்கும். சிவப்பு அல்லது பழுப்பு உடல் கொண்ட மஞ்சக்காலே பாதுகாப்பு.

பட்டை இறகைப் பற்றி இரண்டு வரி. அதுவும் இசட்டில், தடுப்பானுக்கு அருகிலேயே இருக்கிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். பட்டை அல்லீல் தானும் கால் கருமையை வெளுக்கச் செய்யும். பட்டை ராக் என்ற பட்டை இறகு இனத்தில் பெட்டைக்கு ஒரு பட்டை அல்லீல், சேவலுக்கு இரண்டு. அதனால்தான் ஒரே கூட்டில் சேவலின் மஞ்சள் பளிச்சென்றும் பெட்டையின் காலின் முன்புறம் கறை படிந்தும் இருக்கும்.

காலை எப்படிப் பார்ப்பது

கணக்கு சரியாக இருந்து, பார்ப்பதில் தவறி, திட்டம் கெடுவது அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை நனைத்து, பழைய பல்துலக்கியால் செதிலின் போக்கிலேயே தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். ஈர மண்ணும் எச்சமும் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஏமாற்றும். வெயிலிலும் வேண்டாம், மின்விளக்கிலும் வேண்டாம். பகல் நேர நிழல் போதும். காலுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்தால் வெளிறிய மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது உள்ளங்கால், பிறகுதான் முன்பக்கம். கருமை எத்தனை இருந்தாலும் உள்ளங்காலில் தோல் நிறம் வெளியே தெரியும். கருங்காலாகத் தெரியும் கோழியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் மஞ்சள்தோல், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் வெள்ளைத்தோல். கறுப்பு ஆஸ்திரலார்ப்பையும் கறுப்பு ஜெர்சி ஜயன்டையும் பக்கத்தில் நிறுத்தினால் இறகில் குழம்பலாம், உள்ளங்காலில் குழம்ப முடியாது: ஆஸ்திரலார்ப்புக்கு வெள்ளை, ஜயன்டுக்கு மஞ்சள். மண் கறை சந்தேகம் இருந்தால் விரலிடுக்குத் தோலை விரித்துப் பார்க்க வேண்டும். பழைய சேவலின் காலோரத்தில் ஓடும் சிவப்புக் கோடு இரத்த ஓட்டம் சார்ந்தது. நிற மரபோடு சேர்த்து எண்ண வேண்டாம். செதில் தூக்கி, வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது கால் சொறிப் பூச்சி. மருத்துவம் பார்த்துச் செதில் சீரான பிறகுதான் நிறம் எழுத வேண்டும்.

மஞ்சளுக்கு மட்டும் இன்னொரு நிபந்தனை உண்டு. மரபு இடம்தான் கொடுக்கும், நிறம் தீவனத்திலிருந்து வர வேண்டும். மஞ்சள் மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம் சாந்தோஃபில் என்ற மஞ்சள் கரோட்டினாய்டு இருக்கும். அரிசி, கோதுமை, வெள்ளைச் சோளம் மட்டும் தின்ற குஞ்சுக்கு இரண்டு மஞ்சள்தோல் அல்லீல் இருந்தும் கால் வெளிறியே நிற்கும். பச்சையாக வேண்டியது நீலமாகத் தெரியும். ஆகவே தரம் பிரிக்கும் முன் குறைந்தது நான்கு வாரம் மஞ்சள் மக்காச்சோளமும் பசுங்கீரையும் எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரே அளவில் போக வேண்டும். இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் குடலில் நிறமி உறிஞ்சுவதைக் கெடுக்கும்; மெலிந்த குஞ்சின் வெளிறிய காலை வைத்து முடிவு எழுதக் கூடாது.

முட்டையிடும் பெட்டை இன்னும் மோசமாக ஏமாற்றுவாள். அவள் தின்னும் சாந்தோஃபில் மஞ்சள் கருவுக்குப் போய்விடும், தோலில் இருப்பதும் கரையும். முதலில் வெளுப்பது எச்சத்துவாரம், அடுத்து கண் வளையம், காது மடல், அலகு, கடைசியில் கால். நான்கைந்து மாதம் விடாமல் முட்டையிட்டவளின் கால் அநேகமாக வெள்ளையாகவே நிற்கும். முட்டை நின்றால் அதே வரிசையில், போனதைவிட வேகமாக, நிறம் திரும்பும். பெட்டையின் தோல் நிறத்தை முதல் முட்டைக்கு முன்பே, 16 வார வாக்கில் எழுதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அடித்தோல் மெலனினுக்குத் தீவனத்தோடு தொடர்பு கிடையாது.

ஒளிந்திருப்பதை வெளியே எடுக்கும் கலப்பு

வெள்ளைக்கால் கோழி மஞ்சள்தோலைச் சுமக்கிறதா என்று அறிய, மஞ்சள்தோல் கொண்ட எதனோடாவது சேர்க்க வேண்டும். ஒரு குஞ்சு மஞ்சளாக வந்தாலும் விடை கிடைத்துவிட்டது. ஒன்றும் வராவிட்டால் எத்தனை குஞ்சுக்குப் பிறகு நம்பலாம்? சுமக்கும் கோழியாக இருந்தும் ஐந்து குஞ்சும் தப்பிவிட 32-இல் ஒரு வாய்ப்பு. ஏழும் தப்பிவிட 128-இல் ஒன்று. ஏழு போதும்.

சேவல் தடையிலியை ஒளித்திருக்கிறதா என்ற சோதனையில்தான் பலர் பாதி முட்டையை வீணாக்குகிறார்கள். மஞ்சக்கால் அல்லது வெள்ளைக்கால் பெட்டையோடு சேர்த்தால் மகன்கள் எல்லாம் தாயின் தடுப்பானைப் பெற்று வெளிர்ந்தே இருப்பார்கள், அவர்களால் ஒரு செய்தியும் கிடையாது. மகள்களை மட்டுமே எண்ண வேண்டும். நீலக்கால் அல்லது பச்சைக்கால் பெட்டையைப் போட்டால் இரு பாலும் கணக்கில் வரும், ஏழு குஞ்சில் வேலை முடியும். பச்சைப் பெட்டை ஒருத்தி இருந்தால் தோலையும் சுவரையும் ஒரே அடையில் சோதித்துவிடலாம், இரண்டுக்கும் அவள் ஒடுங்கு. எனவே முதல் பச்சைப் பெட்டையை விற்பது புத்திசாலித்தனமல்ல.

இந்தச் சோதனைகள் எல்லாமே தந்தை யார் என்பதில் நிற்கின்றன. பெட்டை உடம்பில் விந்து இரண்டு, மூன்று வாரம் உயிரோடு தங்கும். பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் முழுதாகக் கழிந்த பிறகே அடைக்கு முட்டை சேர்க்க வேண்டும். நான்கு வாரம் விட்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு முட்டையிலும் பெட்டை எண்ணைப் பென்சிலால் எழுதி, பொரிக்கும் மூன்று நாளுக்கு முன் பெட்டைவாரியாக வலைத்தடுப்புக்குள் பிரித்து வைத்து, ஈரம் உலர்ந்ததும் கால் வளையம் மாட்ட வேண்டும். குஞ்சுக் கால் வேகமாகப் பருக்கும். வளையத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பெரிதாக்காவிட்டால் தோலுக்குள் புதைந்து, நாம் நிறம் பார்க்க வேண்டிய இடமே புண்ணாகும்.

இந்தக் கூட்டை இனி என்ன செய்வது

கறுப்புப் பெட்டையும் அவள் குஞ்சுகளும் தனியே போகட்டும். முதல் தலைமுறை வெள்ளைக்கால் சேவல்களில் நீலப் புகை உள்ள இரண்டும், வெவ்வேறு தாய்க்குப் பிறந்த எட்டுப் பெட்டைகளும் இருந்தால் இரண்டாம் தலைமுறைக்குப் போதும். ஒரு சேவலை மட்டும் பெட்டைகளோடு விட்டு 50 குஞ்சுக்குக் குறையாமல் வளர்க்க வேண்டும்; இன்னொன்று அடுத்த படிக்கு ஒதுக்கு. இடம் குறைவென்றால் எட்டாம் வாரத்தில் சேவல் குஞ்சுகளைக் கழித்துவிடலாம், அவற்றில் பச்சை வர வழியில்லை என்பது ஏற்கெனவே தெரியும். பெட்டைகளில் அப்போதே கால் இருண்டுவரும் குஞ்சுகளை மட்டும் நிறுத்தி, உள்ளங்கால் மஞ்சளா என்று 12, 16 வாரங்களில் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு குறுக்குவழியும் உண்டு. நீலக்கால் சேவல் ஒன்று எங்காவது கிடைத்தால், இதே தலைமுறையில் பிறக்கும் மஞ்சக்கால் பெட்டைகளோடு அதைச் சேர்த்துத் திசை மாற்றிய வரிசையை இணையாகத் தொடங்கிவிடலாம். பின்னர் இரண்டு வரிசைகளின் பச்சைகளும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவாக அமையும்.

பச்சைச் சேவலும் பச்சைப் பெட்டையும் சேர்ந்துவிட்டால் அங்கே ஒளிவதற்கு எதுவும் இல்லை. இரண்டு பண்புமே ஒடுங்கு, பிறப்பதெல்லாம் பச்சைக்கால். அதில் ஒரு வெள்ளைக்கால் எட்டிப் பார்த்தால் மரபைச் சந்தேகிக்க வேண்டாம், வேலியைப் பாருங்கள்: வேறு சேவல் நுழைந்திருக்கிறது. வரிசைக்குள் இனி மிஞ்சுவது சாயல் வேறுபாடு மட்டும், சிலது ஆலிவ் பச்சை, சிலது மஞ்சளோடிய வெளிர்பச்சை. அந்தத் தேர்வைச் சேவலின் காலில் பார்ப்பதைவிட, முட்டையிடத் தொடங்காத அவனுடைய மகள்களின் காலில் பார்ப்பது துல்லியம்.